படுகளத்தில் ஓடுகிற நாம் கலைக்கூடத்தில் ஏன் உறைந்து நிற்கிறோம்?

களரிமண்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம், வேலை சென்னையில். போன மாதம் தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று ஒரு நிகழ்த்துகலை நிகழ்ச்சிக்குப் போனேன். இடம், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். வெள்ளையடித்த அறை, நடுவில் ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கயிற்றுக் கண்டுகள். ஒரு மணி நேரம் நான் பேசமாட்டேன், என்னைக் கட்டலாம், அவிழ்க்கலாம், உங்கள் விருப்பம் என்று ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். நாற்பது பேர் இருந்திருப்போம். முதல் கால் மணி நேரம் யாரும் கிட்டே போகவில்லை. அப்புறம் ஒரு பெண் போய் அவர் விரலில் மோதிரம் மாதிரி கயிற்றைச் சுற்றிவிட்டு வந்தார், எல்லோரும் சிரித்தோம். அதன்பின் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக ஒருவர் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கினார், முடிச்சுப் போட்டார், காலை நாற்காலியில் ஊன்றி மறுபடி இறுக்கினார். விரல்களின் நிறம் மாறுவது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. போய் அவிழ்த்திருக்கலாம், அட்டையிலேயே அதற்கு அனுமதி இருந்தது. நான் போகவில்லை. அந்த அறையில் ஒருவர்கூடப் போகவில்லை. நேரம் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் கத்தரிக்கோலோடு வந்து வெட்டிவிட்டார், கை தட்டினோம், டீ கொடுத்தார்கள்.

இதே நான்தான் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில், படுகளம் நடக்கிற பதினெட்டாம் நாள் காலையில், துரியோதனன் வேஷம் கட்டினவர் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தால் செருப்பை விட்டுவிட்டு ஓடுவேன். அத்தனை பெரிய மண் துரியோதனன் மல்லாந்து கிடக்க, பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், ஊரே கூட ஓடும். பீமன் தொடையில் அடிப்பான், உள்ளே புதைத்து வைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் கொப்பளிக்கும், பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். அந்த நேரம் பாட்டிகள் எல்லாம் குலவை போடுவார்கள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்புறம் எல்லோரும் பாய்ந்து அந்த மண்ணைப் பிய்த்து எடுப்போம். எங்கள் வீட்டு நெல் குதிருக்குள் இன்னும் ஒரு கட்டி கிடக்கிறது.

ஒரே ஆள், ஒரே உடம்பு. அங்கே யாரும் அனுமதி தராமலே ஓடுகிறேன், அழுகிறேன், மண்ணை அள்ளுகிறேன். இங்கே எழுதி ஒட்டி அனுமதி கொடுத்தும் கால் நகரவில்லை. அந்தப் பெண்ணின் விரல்கள் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன. நாடகம், கூத்து தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வெள்ளைச்சுவர்:

நான் நிகழ்த்துகலை செய்கிறவன். நீங்கள் பார்த்த நிகழ்ச்சி என்னுடையது இல்லை, ஆனாலும் பதில் சொல்லக் கடமை உண்டு என்று நினைக்கிறேன்.

உங்களை உறுத்துகிறதே, அந்த உறுத்தலை உண்டாக்கத்தான் அந்தக் கலைஞர் நாற்காலியில் உட்கார்ந்தார். 1964இல் ஜப்பானியக் கலைஞர் யோக்கோ ஓனோ கியோட்டோவில் மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கத்தரிக்கோலை முன்னால் வைத்து, வருகிறவர்கள் தன் உடையை ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். அடுத்த வருடம் நியூயார்க்கில் செய்தபோது ஓர் இளைஞன் வந்து உள்ளாடைப் பட்டையையே வெட்டுகிறான், அது படமாகவே இருக்கிறது. 1974இல் மரினா அப்ரமோவிச் என்கிற நிகழ்த்துகலைஞர் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் மேசைமேல் 72 பொருட்களை வைத்து, வருகிறவர்கள் அவற்றைத் தன் மேல் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டு ஆறு மணி நேரம் அசையாமல் நின்றார். ரோஜா, இறகு, தேன் எல்லாம் இருந்தன, கத்தரிக்கோல், அறுவைக் கத்தி, ஒரு துப்பாக்கி, ஒரு தோட்டாவும் இருந்தன. முதலில் பூ கொடுத்தார்கள். பிறகு உடையைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள், ஒருவர் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டு அவர் கழுத்துப் பக்கம் திருப்பிவிட்டார். வேறு சிலர் குறுக்கே விழுந்து தடுத்தார்கள். நேரம் முடிந்து அவர் மனுஷியாகக் கூட்டத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியதும் அத்தனை பேரும் வெளியே ஓடிவிட்டார்கள். அவர் கண்ணை நேராகப் பார்க்க ஒருவராலும் முடியவில்லை.

அந்த ஓட்டத்தையும் உங்கள் படுகளத்து ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படுகளத்தில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். துரியோதனன் சாகத்தான் போகிறான், பாஞ்சாலி கூந்தல் முடியத்தான் போகிறாள். நீங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கதை மாறாது. அதை நான் பங்கேற்பு என்று சொல்லத் தயங்குவேன். உங்கள் கை ஒன்றை மாற்றும் என்கிற நிலைமை அந்த வெள்ளை அறையில்தான் இருந்தது. சுதந்திரம் கையில் கிடைத்ததும் பயந்துபோனீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் பயந்திருப்பேன்.

பின்பாட்டு:

வெள்ளைச்சுவர் தம்பிக்கு (அண்ணனாகவும் இருக்கலாம், மன்னிக்கவும்), அந்தக் கடைசிப் பத்தியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் அப்பா ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முப்பது வருடம் வேஷம் கட்டியவர். நான் பத்து வயதிலிருந்து ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடியவன், இப்போது கடை வைத்திருக்கிறேன், ஆடி மாதம் கூப்பிட்டால் போய்விடுவேன். கதை மாறாது என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர் சொல்லும் பேச்சு. பொன்னுருவி தன் புருஷன் கர்ணனோடு வாதாடுகிற கட்டத்தை ஓர் ஊரில் முக்கால் மணி நேரத்தில் முடிப்போம், இன்னோர் ஊரில் ரெண்டு மணி நேரம் இழுக்கும், அது பெண்கள் உட்கார்ந்திருக்கிற பக்கத்தைப் பார்த்து முடிவாகும். எந்தப் பாட்டைத் திரும்பப் பாடச் சொல்கிறார்கள், யார் நடுவில் வந்து சட்டையில் நூறு ரூபாய் குத்துகிறார், யார் பேரைச் சொல்லி கட்டியங்காரன் (கூத்தை நடத்திக்கொண்டு போகிற கோமாளி) நன்றி சொல்ல வேண்டும், எந்தப் பங்காளி பேரை விட்டால் சண்டை வரும், இதெல்லாம் கூத்துக்குள்ளேதான் நடக்கிறது. கர்ண மோட்சம் கருமாதி வீட்டில் நடக்குமே, பார்த்திருக்கிறீர்களா? செத்துப்போனவருக்கு மோட்சம் கிடைக்க வேண்டும் என்று அந்த வீட்டார் வைக்கிற கூத்து அது. கர்ணன் தேர்க்காலில் சாய்ந்து கிடக்கும்போது பக்கத்தில் அழுகிற பெண்கள் கர்ணனுக்கா அழுகிறார்கள்? அந்த வீட்டுக்காரம்மா தன் புருஷன் பேரைச் சொல்லி ஒப்பாரி வைக்கும், நாங்கள் தாளத்தைத் தாழ்த்திக்கொண்டு காத்திருப்போம். அந்த அம்மா முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். துகிலுரிதல் கட்டம். எங்கள் ஜமாவில் துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கூத்தை நிறுத்திவிடுவார். கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டு, தாயே இது வேஷம், என் மேல் குற்றம் இல்லை என்று பாடுவார். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவருக்கு விபூதி பூசுவார். அதற்கு அப்புறம்தான் சேலை. அன்றைக்கு அவர் கை வைத்ததும் கூட்டத்திலிருந்து ஒருவன் நன்றாகக் குடித்துவிட்டு, கையில் விறகுக் கட்டையோடு கூத்து ஆடுகிற களரிக்குள் வந்துவிட்டான். துச்சாதனனை அடிக்க. அது நடிப்பு என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் தாங்கவில்லை.

கட்டியங்காரன் ஆடினது எங்கள் சித்தப்பா. ஓடிப்போய்த் தடுக்கவில்லை, நடந்துதான் போனார். "ஐயா யாரு, பாண்டவர் சேனையா? சேனாதிபதி உத்தரவு வாங்கினீங்களா? பதினெட்டாம் நாள் பீமன் அடிக்க வேண்டிய அடி இது, நீங்க இன்னைக்கே அடிச்சுட்டா பீமனுக்கு என்ன வேலை?" என்று வேஷத்தை விடாமலே கேட்டார். கூட்டம் சிரித்தது. அதே மூச்சில் கூட்டத்தைப் பார்த்து அவன் அப்பா பேரைச் சொல்லி, அவர் மகன்தானே இது, வந்து கையைப் பிடிங்க என்றார். அவன் பெரியப்பா எழுந்து வந்து தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். அவன் அங்கேயே உட்கார்ந்து விடியும் வரை பார்த்தான். பதினெட்டாம் நாள் காலையில் அவன்தான் பீமனுக்கு முதல் மாலை போட்டான்.

களரிமண் அக்கா, உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அந்த அறையில் கட்டியங்காரன் இல்லை. எல்லையில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசுகிற ஆள் இல்லை. வந்திருந்த நாற்பது பேருக்கும் ஒருவர் அப்பா பேர் ஒருவருக்குத் தெரியாது. அப்படி இருந்தால் யார் போய் யார் கையைப் பிடிப்பது?

களரிமண்:

அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். துச்சாதனன் கற்பூரம் ஏற்றுவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன், அது அம்மனுக்குப் பயந்து செய்வது என்றுதான் நினைத்திருந்தேன். பார்க்கிற எங்களுக்காகவும் அது நடக்கிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. அந்த நேரத்தில் நாங்களும் கையெடுத்துக் கும்பிடுகிறோமே, இனி நடக்கப்போவது எங்கள் சம்மதத்தோடு என்றாகிவிடுகிறது.

காப்பு கட்டுவதும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. கொடியேற்றி காப்பு கட்டிவிட்டால் முடியும் வரை வெளியூர் போய் ராத் தங்கக்கூடாது என்பார்கள், கல்யாணம் வைக்கமாட்டார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பகாசுரன் வதத்துக்குப் பீமன் வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வரும்போது அம்மா சோறு கொண்டுபோய்ப் போடுவாள். திரௌபதி கல்யாணத்துக்கு எங்கள் தெருவிலிருந்து சீர்வரிசை போகும். இத்தனையும் செய்துவிட்டுத்தான் படுகளத்துக்கு வருகிறோம்.

அர்ச்சுனன் ஏறித் தவம் செய்ய நடுகிற உயரமான தபசு மரத்தையும் சொல்ல வேண்டும். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு அந்த உயரத்துக்கு ஏறுவார். கீழே பிள்ளை இல்லாத பெண்கள் தலை குளித்த ஈரப் புடவையோடு மடியேந்தி உட்கார்ந்திருப்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் விழும். என் சித்தி மூன்று வருடம் உட்கார்ந்தாள். அவளைப் பார்வையாளர் என்று யாராவது சொல்ல முடியுமா? அன்றைக்கு அந்த மரத்தின் கீழே அர்ச்சுனனை விடப் பெரிய தபசு அவளுடையது.

கிழக்குத்தெரு:

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இனி பேசாமல் இருக்க முடியாது.

எல்லோருக்கும் எல்லோர் அப்பா பேரும் தெரியும் என்று பின்பாட்டு அண்ணன் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். ஆமாம், தெரியும். எங்கள் அப்பா பேரும் தெரியும், எந்தத் தெரு என்றும் தெரியும். அதனால்தான் நாங்கள் அந்த மண்ணை அள்ள முடியாமல் இருந்தோம். படுகளத்துக்குப் பறை அடிக்க எங்கள் தாத்தா வேண்டும், பீமன் வண்டி எங்கள் தெருவுக்கு வராது. தபசு மரத்தின் கீழே எங்கள் வீட்டுப் பெண் மடியேந்தி உட்கார முடியாது. தள்ளி நின்று பார்க்கலாம். விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் எங்கள் மக்கள் போனதற்கு நடந்த தகராறில், 2023 ஜூனில் அதிகாரிகள் வந்து கோயிலையே பூட்டி சீல் வைத்தார்களே, அதே பாரதம்தான், அதே அம்மன்தான்.

நான் கல்லூரியில் படிக்கும்போது முதல் தடவையாக ஒரு வீதி நாடகத்தில் பார்வையாளர்களைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நான் போய் நின்றேன். கடைக்காரராக நடித்தவரிடம் எல்லோருக்கும் கொடுக்கிற டம்ளரில் எனக்கும் டீ கொடு என்று கேட்டேன். அவர் மறுக்க மறுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஐந்து நிமிடம்தான். என் தெரு எது என்று அங்கே யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. வெள்ளை அறையை நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். முன்பின் தெரியாத கூட்டம் சிலருக்கு நிம்மதி.

எங்கள் பக்கமும் அம்மன் உண்டு, கூத்தும் உண்டு, எங்கள் ஆட்களே கட்டுகிற ஜமா உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், கூத்து என்றாலே ஊர்த்தெருக் கூத்து என்று நினைத்துவிட வேண்டாம்.

பின்பாட்டு:

தம்பி, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் ஜமா ரெண்டு பக்கமும் ஆடியிருக்கிறது. உங்கள் பக்கம் ஆட ஒப்புக்கொண்டு தாம்பூலம் வாங்கினதற்காக எங்கள் அப்பாவிடம் பேசாமல் போனவர்கள் உண்டு. இதை எல்லாம் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், நல்லதை மட்டும் எழுதிவிட்டேன்.

வாவிக்கரை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு ஆட்டம், வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருந்து பார்க்கும். கூத்து அரங்கேறும் முன்னமே ஊர் அதற்குள் வந்துவிடும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துச் சட்டம் கொடுக்கிற, அதாவது அவரவர் பாத்திரத்தைப் பிரித்துக் கொடுக்கிற நாளிலிருந்து மாதக்கணக்காகப் பழக்கம் நடக்கும், ஒவ்வொரு இரவும் யாராவது வந்து இருந்து பார்ப்பார்கள், இவன் தாளம் பிழைக்கிறான், அவனுக்குக் குரல் காணாது என்று சொல்வார்கள். பிறகு சதங்கை அணிதல், பிறகு அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்தும் விடாமல் வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். வீட்டு முற்றத்தில் தன் பிள்ளை ராசாவாக வந்து ஆடுவதைத் தாய் பார்க்கிற பார்வை வேறு.

கதை மாறாது என்று வெள்ளைச்சுவர் சொன்னதற்கு ஒரு விடயம். 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அந்த ஊர்க் கூத்தர்களும் சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கூத்துப் பாட்டில் பெண்களைத் தாழ்த்துகிற இடம், சாதியை உயர்த்துகிற இடம் வந்தால் ஊரில் இருந்து பேசி, பாட்டை மாற்றி, மாற்றியதை ஆடிப் பார்த்து மறுபடி பேசுவது. கிழக்குத்தெரு தம்பி கேட்கிற கேள்வியை அப்படிக் களரிக்குள்ளேயே வைத்துக் கேட்கலாம். லேசில்லை, அண்ணாவிமாரோடு வாக்குவாதம் வரும், வயதானவர்கள் கோபப்படுவார்கள். ஆனால் கோபப்படுகிறவர்களும் அடுத்த நாள் இரவு வந்து இருப்பார்கள்.

மலையகத்திலே காமன் கூத்தும் அப்படித்தான் பாருங்கள், மாசியில் தோட்டத்தில் காமன் கம்பு ஊன்றிய நாளிலிருந்து தகனம் வரைக்கும் லயன் வீடுகளில் இருக்கிற தோட்டத்துச் சனம் எல்லாம் அதற்குள்தான். ரதி அழும்போது சேர்ந்து அழுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வெள்ளைச்சுவர்:

இரண்டு நாளாக எழுதவில்லை, எழுத முடியவில்லை. கட்டியங்காரன் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

1968இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் ஷெக்னர் என்கிற நாடக இயக்குநர் ஒரு பழைய கிரேக்க நாடகத்தை எடுத்து, ஒரு பழைய கொட்டகையில், பார்வையாளர்களுக்கு நடுவிலேயே நடத்தினார். பார்க்கிறவர்கள் உள்ளே வரலாம், ஆடலாம், நடிகர்களைத் தொடலாம். சில மாதங்களில் நடிகைகள் அது வேண்டாம் என்று சொல்கிற நிலைமை வந்தது, வந்தவர்கள் கை போகக்கூடாத இடத்துக்குப் போனது. அந்தப் பகுதியை மாற்றினார்கள். ஒரு நாள் கல்லூரி மாணவர் கூட்டம் ஒன்று, நாடகத்தில் பலியாக வேண்டிய பெந்தியஸ் என்கிற அரசன் வேஷக்காரரைத் தூக்கிக்கொண்டே வெளியே போய்விட்டது. பலி கொடுக்க விடமாட்டோம் என்று. இதை நான் பல வகுப்புகளில் பங்கேற்பின் வெற்றி என்று சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், அந்த மாணவர்களுக்கும் விறகுக் கட்டையோடு வந்தவருக்கும் உள்ளுக்குள் எழுந்தது ஒன்றுதான். ஒருவரைக் கட்டியங்காரன் உள்ளே எடுத்துக்கொண்டார், பதினெட்டாம் நாள் வரைக்கும் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். மற்றவர்கள் நடிகரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அதோடு தொடர்பு முடிந்தது.

அதே ஷெக்னர் பின்னால் காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகரில் ஒரு மாதம் நடக்கிற ராமலீலாவைத் தேடி வந்து வருடக்கணக்காக எழுதினார். அங்கே அயோத்தி ஓர் இடம், இலங்கை ஓர் இடம், சனங்கள் கதையோடு நடந்து போவார்கள், சிலர் கையில் துளசிதாசர் ராமாயணத்தை விரித்துக் கூடவே படித்துக்கொண்டு வருவார்கள். அவர் தன் கொட்டகையில் தேடினது அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

ஆனால் கிழக்குத்தெரு சொன்னதை நான் விட மாட்டேன். எங்கள் ஆட்கள் இந்த வேலையைத் தொடங்கினதற்குக் காரணமே ஊர் போட்ட கட்டுகளை உடைக்கத்தான். கட்டை அவிழ்த்ததோடு காப்பையும் அவிழ்த்துவிட்டோம், அது இப்போது புரிகிறது. வங்காளத்தில் ஜன சம்ஸ்கிருதி என்று ஒரு குழு 1985இலிருந்து இருக்கிறது, பிரேசில்காரர் அகுஸ்தோ போவால் வகுத்த முறையில் கிராமங்களில் நாடகம் போடுகிறார்கள். நாடகத்தை நிறுத்தி, பார்க்கிறவரை உள்ளே கூப்பிட்டு அந்தப் பாத்திரமாக நடிக்கச் சொல்வது. நடத்துகிறவர் ஒருவர் களத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவிலேயே நிற்பார், அவருக்கு ஜோக்கர் என்று பெயர். இந்தப் பெயரை எத்தனை தடவை படித்திருப்பேன், கோமாளி, கட்டியங்காரன் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

பிறைநிலா:

நான் திருநங்கை. கூவாகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சித்திரா பௌர்ணமிக்குக் கூத்தாண்டவர் கோயிலில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வோம். அரவான் களப்பலிக்குப் போகிறவன், கல்யாணம் ஆகாமல் சாகக்கூடாது என்று கேட்டதால் கிருஷ்ணனே மோகினியாக வந்து மணந்துகொண்ட கதை உங்களுக்குத் தெரியும். மறுநாள் தேர் போய், அரவான் பலியானதும், தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை. சுற்று வட்டாரத்து ஆண்களும் வேண்டிக்கொண்டு தாலி கட்டுவார்கள், அது பலருக்குத் தெரியாது.

நான் முதல் தடவை போனது 19 வயதில். தாலி ஏறும்போது சந்தோஷத்தில் கை நடுங்கியது. மறுநாள் அழுதேன் பாருங்கள், அப்படி அதற்கு முன்னாலும் அழுததில்லை, பின்னாலும் இல்லை. வீட்டை விட்டு வந்த நாளில்கூட அழாதவள். என் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, எங்கள் திருநங்கையர் ஜமாத்தில் மூத்தவர், அழு அழு, இங்கேதான் அழலாம் என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கட்டியங்காரனுக்கு நீங்கள் என்ன பேர் வைத்தாலும் எனக்கு அந்தக் கை தான் அது.

அதே இடத்தில் சுற்றி நின்று முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டினவர்களும் உண்டு. நான் உடைந்து போய் உட்கார்ந்திருக்கிறேன், இன்னொரு தடவை நெஞ்சில் அடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார் ஒருவர். களரிமண் அக்கா, சடங்குக்கு நடுவிலும் உங்கள் வெள்ளை அறை வந்துவிடும். இடத்தைப் பொறுத்தது இல்லை அது. கூடவே அழ வந்தவர் யார், எடுத்துக்கொண்டு போக வந்தவர் யார் என்று அங்கே இருக்கிறவளுக்கு நன்றாகத் தெரியும்.

களரிமண்:

பிறைநிலா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதினதற்கு நன்றி.

நேற்று அந்தக் கலைஞருக்கு எழுதினேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன், அன்றைக்கு அவிழ்க்க வராமல் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். நாலு நாள் மரத்துப்போய் இருந்ததாம், இப்போது சரியாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்த நாற்பது பேரில் இதுவரை கேட்டது நீங்கள் ஒருவர்தான் என்றும் எழுதியிருந்தார். அடுத்த முறை செய்யும்போது நாற்காலிக்குப் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்று நினைக்கிறாராம். கட்டியங்காரன் கதையை அனுப்பி வைத்தேன் அண்ணா, கேட்காமல் அனுப்பினதற்குக் கோபிக்காதீர்கள். நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறவர்களை வாசலிலேயே பேர், ஊர் கேட்டு ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவிட்டு உள்ளே அனுப்பலாம் என்று ஒரு யோசனை.

கிழக்குத்தெரு:

பேர் கேளுங்கள் அக்கா. ஊர் கேட்க வேண்டாம்.

களரிமண்:

சரி தம்பி. பேர் மட்டும்.

வெள்ளைச்சுவர்:

பின்பாட்டு அண்ணா, நான் இதுவரை ஒரு படுகளத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை, எல்லாம் புத்தகத்திலும் காணொளியிலும்தான். இந்த வருடம் வரலாமா? காலையில் எத்தனை மணிக்கு இருந்தால் சரியாக இருக்கும்?

பின்பாட்டு:

தாராளமாக வரலாம். காலையில் மட்டும் வராதீர்கள், நேராகக் காலையில் வந்தால் அது உங்களுக்கு வெறும் மண்ணாகத்தான் தெரியும். ரெண்டு ராத்திரி முன்னாலேயே வந்துவிடுங்கள், வீட்டில் தங்கிக்கொள்ளலாம். கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள், தூக்கம் வந்தால் அங்கேயே பாயில் படுங்கள், பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுப்பிவிடுவார்கள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிடலாம். மண்ணுக்கு ஒரு துணிப்பை கொண்டு வாருங்கள்.

கிழக்குத்தெரு:

எங்கள் பக்கம் கூத்து ஆடியில். அதற்கும் வாருங்கள், தேதி வைத்ததும் இங்கேயே போடுகிறேன்.